ஆகாயப் பிரயாணத்தில் நல்லிடம்

நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில், முதல் வகுப்பு அறைகள் பெரும்பாலும் கப்பலின் நடுப்பாகத்தில் அமைந்திருந்ததற்கும், பின்கோடியில் நீரைக் கடையும் சுழல்விசிறியின் அதிர்ச்சியையும் சுக்கானை இழுக்கும் சங்கிலிகளின் இரைச்சலையும் ஏழைப் பிரயாணிகளே தாங்க நேர்ந்ததற்கும் காரணம் ஒன்றுதான்: அதிர்ச்சிக்கும் இரைச்சலுக்கும் எட்ட இருப்பவன் சுகவாசி, கிட்ட இருப்பவன் துர்ப்பாக்கியசாலி. ஆகாய விமானம் தோன்றிய பின்னும் இந்த நியதி மாறவில்லை. ஆனால் விமானத்தில் அவற்றை எழுப்பும் யந்திரம் நிலையாக ஓரிடத்தில் இராமல், சில காலம் இறக்கைகளின் நடுவிலும், சில காலம் அவற்றின் அடியிலும், சில காலம் வாலிலுமாக இடம் பெயர்ந்துகொண்டே வந்தபடியால், நல்ல ஆசனமும் அதற்கு அஞ்சி முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தின் சரித்திரம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலத்தது.

1929ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதி பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் கம்பெனி லண்டனிலிருந்து கராச்சிக்குப் பிரயாணிகளை ஏற்றிச்செல்லத் தொடங்கியபோது, ஆசனத்தைத் தேர்ந்துகொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. கட்டணம் 130 பவுன். பிரயாணம் 7 நாள். குராய்டனிலிருந்து பாசல் வரை விமானத்திலும், அங்கிருந்து ஜெனோவா வரை ரயிலிலும், பிறகு மத்தியதரைக் கடலின் மீது பறக்கும் படகில் அலெக்ஸாண்டிரியா வரையிலும், கடைசியாக டி ஹாவிலாண்ட் ஹெர்குலிஸ் என்னும் மூன்று யந்திர விமானத்திலும் என்று, வாகனம் மாறி மாறித்தான் அக்காலத்துப் பிரயாணி இந்தியாவை எட்டிப்பிடித்தான். ஹெர்குலிஸில் இடம் ஏழு பேருக்கே. மூட்டை முடிச்சுகளோடு பிரயாணியையும் தராசில் ஏற்றி நிறுத்தார்கள். அந்த எடையைப் பார்த்து, விமானத்தின் சமநிலை குலையாதபடி, இன்னார் இன்ன இடத்தில் உட்கார வேண்டும் என்று உத்தியோகஸ்தர் தீர்மானித்தார். எத்தனை பெரிய பதவியில் இருப்பவராயினும், எத்தனை பிரபலமான குடும்பத்துச் சீமாட்டியாயினும், ஆகாயத்தில் அவர்களுக்குரிய ஸ்தானத்தை நிர்ணயித்தது அவரவர் சரீர பாரமே. இவ்வளவு பாரபட்சமற்ற முறை பிற்காலத்தில் எந்த விமானக் கம்பெனிக்கும் வாய்க்கவில்லை என்றே சொல்வேன்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1931இல் ஹேண்ட்லி பேஜ் 42 என்னும் பெரிய இரட்டையிறக்கை விமானம் சேவைக்கு வந்தது. நல்லிடம், கெட்ட இடம் என்னும் பேதம் ஒரு விமானத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்டதை இதில்தான் தெளிவாகக் காண்கிறோம். நான்கு யந்திரங்களில் இரண்டு மேலிறக்கையிலும் இரண்டு கீழிறக்கையிலுமாக, உடற்கூட்டின் நடுப்பாகத்தை நெருங்கிச் சுழன்றன. அந்த நடுப்பாகத்தில் மனிதனை உட்காரவைத்தால் அவன் காது என்னாகும் என்று யோசித்த சிற்பிகள், அவ்விடத்தைத் தபால் மூட்டைகளுக்கும், கழிப்பறைகளுக்கும், பானங்கள் தயாரிக்கும் சிற்றறைக்கும் ஒதுக்கிவிட்டு, பிரயாணிகளுக்கு முன்னால் ஓர் அறையும் பின்னால் ஓர் அறையும் அமைத்தார்கள். ரயிலின் உயர்தரப் பெட்டிகளில் உள்ளவை போன்ற மெத்தை நாற்காலிகளும், ஜன்னல்களுக்குத் திரைகளும், மேஜைவிரிப்போடு கூடிய போஜனமும் இருந்தன. வேகம் மட்டும் மணிக்கு 100 மைல் அளவிலேயே நின்றது. எதிர்க்காற்று பலமாக வீசினால், கீழே தண்டவாளத்தில் ஓடும் ரயில் இதனை முந்திவிடுவதும் உண்டு.

கெய்ரோவுக்கும் கராச்சிக்கும் இடையே பறந்த இவ்வகை விமானங்கள் 24 பேர் வரை கொண்டவை. இராக் பாலைவனத்தின் நடுவே ருத்பாக் கோட்டையில் இறங்கி இளைப்பாறியும், ஷார்ஜாவில் பிரயாணிகளுக்கென்றே கட்டப்பட்ட கோட்டை விடுதியில் இராத் தங்கியும் இவை சென்றன. தாழப் பறந்தபடியால், மணற்பரப்பிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. வயிற்றைப் புரட்டும் அந்த ஆட்டத்தில், முன்னறை மேலா பின்னறை மேலா என்பதில் பிரயாணிகளுக்குள் அபிப்பிராய பேதம் இருந்திருக்கத்தான் வேண்டும்; ஆயினும் இறக்கையிலிருந்து எவ்வளவு தள்ளி உட்காருகிறோமோ அவ்வளவுக்கு ஆட்டம் அதிகம் என்பது யந்திர சாஸ்திரம் சொல்லும் உண்மை.

இந்த இனத்தின் தலைமகனாகிய ‘ஹானிபல்’ தமிழ்நாட்டின் அரசியல் சரித்திரத்திலும் இடம்பெற்றது. நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவரும், வட்டமேஜை மகாநாட்டில் கலந்துகொண்டவரும், சென்னை மாகாணத்தில் மந்திரி பதவி வகித்தவருமான சர் ஏ. டி. பன்னீர்செல்வம், லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பதவி ஏற்பதற்காக இவ்விமானத்தில் ஏறிச்சென்றார். 1940ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி, ஓமான் வளைகுடாவின் மீது பறக்கையில், பிரயாணிகள் நால்வரும் சிப்பந்திகள் நால்வருமாக எண்மரோடு ‘ஹானிபல்’ மறைந்துபோயிற்று. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் பிரயாணி ஒருவருக்கும் உயிர்ச்சேதம் விளைவிக்காத விமான இனம் என்னும் கீர்த்தி அன்றோடு முடிந்தது. தம் கட்சிக்கு நேர்ந்த பேரிழப்பாகப் பெரியார் ஈ. வெ. ராமசாமி அந்த மரணத்துக்காகத் துக்கித்தார்.

இதற்குள் விமானப் பிரயாணத்தில் வேறொரு சுகம் புகுந்து நிலைத்திருந்தது. 1936இன் இறுதியில் இம்பீரியல் ஏர்வேஸ் பறக்கவிட்ட ‘ஷார்ட் எம்பயர்’ படகு விமானங்கள் நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்குபவை. இந்தியாவில் கராச்சி, ராஜசமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா என்று நீர்நிலை கண்ட இடத்தில் தங்கித் தங்கி, 1938க்குள் அவை ஆஸ்திரேலியாவின் சிட்னி வரை ஏறக்குறைய பத்து நாட்களில் போய்ச்சேர்ந்தன. இவற்றில் நல்லிடம் என்பது ஆசனமே அன்று. உடற்கூட்டின் ஒரு பக்கத்தில், முழங்கையை ஊன்றிக்கொள்ளக் கைப்பிடிக் கம்பியும் வரிசையாக ஜன்னல்களும் உள்ள உலாவுமிடம் ஒன்று இருந்தது. அங்கே பிரயாணிகள் எழுந்து வந்து நின்று, சில ஆயிரம் அடிகளுக்குக் கீழே நகர்ந்துகொண்டிருக்கும் நைல் நதியையும் கங்கையையும் பார்த்தார்கள். புகை பிடிப்பவர்களுக்குத் தனியறை வேறு. எந்த ஆசனம் கிடைத்ததென்று ஒருவரும் கவலைப்பட்டிரார். எழுந்து நடமாட இடமிருக்கும் வாகனத்தில் அந்தக் கவலைக்கு அவசியம் ஏது?

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் உலாவுமிடமும் போயிற்று, ஏரிகளும் போயின. கான்கிரீட் ஓடுபாதையிலிருந்து எழும்பும் நான்கு யந்திர விமானங்கள் கண்டங்களைக் கடக்கலாயின. ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் ‘மலபார் பிரின்சஸ்’ என்னும் லாக்ஹீட் கான்ஸ்டலேஷன், 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயில் புறப்பட்டு, கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்கு 35 பிரயாணிகளோடு பறந்தது. நவாநகர் ஜாம் சாகிப் அவர்களுள் ஒருவர். இந்தத் தலைமுறை விமானங்களில் உட்காருவதற்குரிய சாஸ்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இன்றைய வழக்கத்துக்கு அது முற்றிலும் தலைகீழானது. இறக்கைகளின் முன்விளிம்பில் சுழலும் விசிறிகளுக்கு நேரே அமைந்த வரிசைகளே விமானத்தில் மிகக் கொடியவை. விசிறியின் நுனி காற்றை அறையும் ஓசை உடற்கூட்டின் தகட்டில் நேராக மோதியது. குளிர்மேகத்தினுள் புகுந்தால், விசிறியில் படிந்த பனிக்கட்டி உதறுண்டு அந்தத் தகட்டின் மீது கல்லெறிபோல் விழுந்தது. இதற்காகவே அவ்விடத்தில் தகட்டைத் தடிப்பாக அமைப்பது வழக்கம். இறக்கைக்கு அருகே இரவில் ஜன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு, யந்திரப் புகைவாயிலிருந்து நீண்டு எரியும் நீலச் சுவாலை தெரியும். அது இயல்பானதே என்று அறியாத முதற்பிரயாணி அன்றிரவு கண்மூடியிருக்க மாட்டான்.

ஆகவே பணமும் அனுபவமும் உள்ளவர்கள் வால்பக்கத்தை நாடினார்கள். டக்ளஸ் டி.சி. 7 போன்ற விமானங்களில் வாலோரமாகச் சிறு கூடம் அமைத்து, சோபாக்களைப் போட்டு, அதையே சிறப்பிடமாகக் கருதினார்கள். இரண்டு வகுப்புகளை ஒரே விமானத்தில் ஏற்றும் காலம் வந்தபோதும், முதல் வகுப்பைப் பின்னால் வைத்து, குறைந்த கட்டணக்காரர்களை விசிறிகளுக்கு அருகே முன்னால் உட்காரவைத்த கம்பெனிகள் பல. போயிங் ஸ்ட்ராட்டோகுரூசர் மட்டும் வேறு வழி கண்டது: சுருள் படிக்கட்டு வழியாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினால் அங்கே ஒரு மதுபானக் கூடம், மேலே படுத்துறங்கக் கட்டில்கள்.

வகுப்புப் பிரிவினையின் வரலாறு சுருக்கமானது. 1952 மே மாதம் அட்லாண்டிக் மார்க்கத்தில் ‘டூரிஸ்ட்’ வகுப்பும், 1958 ஏப்ரலில் அதனினும் மலிவான ‘எகானமி’ வகுப்பும் வந்தன. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம், கட்டணத்தை மட்டுமல்லாமல் ஆசனங்களின் இடைவெளியையும் உணவின் தரத்தையும்கூட விதிகளால் வரையறுத்தது. எகானமிப் பிரயாணிக்கு வெறும் சாண்ட்விச் போதும் என்று விதி இருக்க, ஸ்காண்டிநேவியக் கம்பெனி தன் நாட்டு வழக்கப்படி இறைச்சியும் மீனும் அடுக்கிய சாண்ட்விச்சுகளைப் பரிமாறிவிட்டதென்று பான் அமெரிக்கன் கம்பெனி பிராது கொடுத்து, அது பெரிய விவகாரமாகி, அபராதத்தில் முடிந்தது. பசித்தவனுக்கு வயிறாரச் சோறு போட்டதற்காக வழக்குத் தொடுத்த சம்பவம் உலகில் வேறெங்கும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

நல்லிடத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது ஜெட் யந்திரம். 1952 மே 2ஆம் தேதி, பிரிட்டிஷ் ஓவர்சீஸ் ஏர்வேஸின் ‘காமெட்’ விமானம் 36 பிரயாணிகளோடு லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குப் புறப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும், அக்டோபரில் சிங்கப்பூருக்கும் அதன் சேவை நீண்டது. விசிறி இல்லை; அதிர்ச்சி இல்லை; ஜெட்டின் பேரிரைச்சல் முழுவதும் இறக்கைக்குப் பின்னால் போயிற்று. பல ஆண்டுகளாகப் பிரயாணிகள் தேடித்தேடிப் பிடித்த வால்பக்கமே இப்போது இரைச்சல் மிகுந்த இடமாகி, முன்பக்கம் ஏகாந்தமான மௌனத்தில் ஆழ்ந்தது. ஆனால் அந்த மௌனத்தை அனுபவிக்கும் பாக்கியம் நீடிக்கவில்லை. உயர வானில் காற்றழுத்தம் ஏறி இறங்க ஏறி இறங்க, ஜன்னல் முதலிய திறப்புகளின் மூலைகளில் உலோகம் களைத்து வெடித்ததால், 1954 ஜனவரியில் எல்பா தீவருகிலும் ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகிலும் இரண்டு காமெட்டுகள் ஆகாயத்திலேயே சிதறின. ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி, அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கி, அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் பயனாகவே பிற்காலத்து ஜன்னல்களின் மூலைகள் நன்றாக வளைந்து அமைந்தன.

1958 அக்டோபர் 26ஆம் தேதி பான் அமெரிக்கனின் போயிங் 707 நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குப் பறந்ததோடு ஜெட் யுகம் உறுதியாயிற்று. ஏர் இந்தியா 1960இல் அதே விமானத்தை வாங்கி நியூயார்க் வரை ஓட்டியது. முதல் வகுப்பு மூக்கின் பக்கம் குடிபெயர்ந்தது அப்போதுதான். பிறகு அவ்விடத்தை விட்டு அது பெயரவே இல்லை. எகானமியில் நடைபாதைக்கு இருபுறமும் மும்மூன்று ஆசனங்கள் என்னும் அமைப்பும் இதனோடுதான் வேரூன்றி, ஜன்னலும் இல்லாமல் நடைபாதையும் இல்லாமல் இரண்டு முழங்கைகளுக்கு நடுவே அகப்பட்டு மணிக்கணக்கில் தவிக்கும் நடு ஆசனக்காரன் என்றொரு புதிய ஜாதியை உலகமெங்கும் உண்டாக்கியது.

1970 ஜனவரி 22ஆம் தேதி போயிங் 747 முதல் முறையாகப் பிரயாணிகளை ஏற்றி லண்டனுக்குப் பறந்தது. எதிர்காலத்தில் பிரயாணிகளெல்லாம் ஒலியை மிஞ்சும் வேக விமானங்களுக்குப் போய்விடுவார்கள், 747 சரக்கு ஏற்றத்தான் மிஞ்சும் என்று எண்ணி, மூக்கைத் திறந்து பெட்டிகளை உள்ளே தள்ள வசதியாக விமானியின் அறையை மேலே தூக்கிவைத்தார்கள். அதனால் இரண்டு விசேஷங்கள் நேர்ந்தன. ஒன்று, விமானியின் அறைக்குப் பின்னால் உண்டான திமிலில் ஒரு கூடம் கிடைத்தது. மற்றது, கீழே மூக்கின் நுனியில் அமர்ந்த முதல் வகுப்புப் பிரயாணி, விமானிக்கும் முன்னால் உட்கார்ந்து பறக்கும் அபூர்வ நிலையை அடைந்தான். 1971இல் ஏர் இந்தியாவுக்கு வந்த ‘எம்பரர் அசோகா’வின் வெளிப்புறத்தில் ஜன்னல்தோறும் ராஜஸ்தானத்து மாடங்களைப் போன்ற வளைவுகளைத் தீட்டினார்கள், மாடிக் கூடம் மகாராஜாவின் அரண்மனை அறைபோல் சித்திரங்களோடு விளங்கியது. எகானமியில் தொடக்கத்தில் ஒன்பது ஆசனங்களே ஒரு வரிசைக்கு இருந்தன. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு கூடங்களும் படிப்படியாக ஆசனங்களாக மாறின, வரிசைக்குப் பத்து என்பதும் நிலைத்துப்போயிற்று.

அக்காலத்தில் தேர்ச்சி பெற்ற பிரயாணி யந்திரத்தை மறந்துவிட்டான். அவன் அஞ்சியது சிகரெட்டை. 1973இல் அமெரிக்க அதிகாரிகள் புகையாதோர்க்குத் தனிப்பகுதி ஒதுக்க வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். பெரும்பாலும் பின்பகுதியே புகைப்போர்க்கு விடப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஆகையால், காகிதத்தில் ‘புகையாதோர்’ என்று எழுதியிருந்தும், எல்லைக்கு முந்தைய வரிசையில் இடம் கிடைத்தவன், பின்னால் இருப்போர் வெளிவிட்டதை இரவெல்லாம் உள்வாங்கினான். விமான நிலையத்து மேஜையில் உட்கார்ந்திருக்கும் சிப்பந்தியின் எதிரே ஆசன வரைபடம் ஒன்று விரிந்திருக்கும். அதில் ஒவ்வோர் ஆசனத்துக்கும் ஒரு சிறு ஒட்டுச்சீட்டு. கேட்ட இடத்தின் சீட்டை உரித்து அனுமதி அட்டையில் ஒட்டித்தருவார். முன்னதாக வந்தவனுக்கு முழு வரைபடமும் திறந்திருந்தது, பிந்தியவனுக்கு நடு ஆசனமே மிச்சம். காசு கேட்காமல் காலத்தை மட்டும் கேட்ட இந்த முறையே என் மனத்துக்குப் பிடித்தது. விடியற்காலை விமானத்துக்கு நடுநிசியிலேயே போய்க் காத்திருக்கத் தயங்காத நம்மவர்களுக்கு அதில் ஒரு சாதகமும் இருந்தது. 1992இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம், 1996 ஜூலைக்குள் புகைத்தலை அறவே நிறுத்துமாறு உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. எல்லை வரிசையின் துன்பமும் மெல்ல மெல்ல ஒழிந்தது.

இன்று கால் நீட்ட இடம் வேண்டுவோர் விரும்பிக் கேட்கும் அவசர வாயிலருகு வரிசைக்கு வேறொரு பூர்வகதை உண்டு. 1985 ஆகஸ்ட் 22ஆம் தேதி இங்கிலாந்தின் மான்செஸ்டரில், கோர்ஃபு தீவுக்குப் புறப்பட்ட போயிங் 737 ஓடுபாதையிலேயே யந்திரம் வெடித்துத் தீப்பிடித்தது. விமானம் தரையை விட்டு எழும்பவில்லை. ஆயினும் 55 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் புகையினால். இறக்கையின் மேலுள்ள சிறு வாயிலைத் திறக்கையில், கனத்த கதவு அங்கே அமர்ந்திருந்தவர் மீதே சாய்ந்தது. ஆசனங்களின் குறுகிய இடைவெளியில் மனிதர் மேல் மனிதர் நெருக்கியடித்தார்கள். பின்னர் கிரான்ஃபீல்டில் நடத்திய பரிசோதனைகளில், பழைய விமானம் ஒன்றில் தொண்டர்களை ஏற்றி, முதலில் வெளியேறும் பாதிப்பேருக்கு ஐந்து பவுன் வெகுமதி என்று அறிவித்தவுடனே, அமைதியாக இருந்தவர்களெல்லாம் ஒருவரை ஒருவர் மிதித்துக்கொண்டு வாயிலில் அடைபட்டார்கள். இதை ஒட்டி, அந்த வாயிலுக்குப் போகும் வழியை அகலப்படுத்த வேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் விதித்தார்கள். தப்பி ஓடுவதற்கென்று சட்டம் வாங்கிக்கொடுத்த இடைவெளியைக் கம்பெனிகள் இப்போது ‘கூடுதல் கால்வசதி’ என்று பெயரிட்டுத் தனிவிலைக்கு விற்கின்றன. வியாபார சாமர்த்தியத்துக்கு இது ஓர் உச்சமே.

செல்வர்களின் பக்கம் கதை வேறு விதமாக நடந்தது. முழுக் கட்டணம் செலுத்தும் உத்தியோகப் பிரயாணி, சலுகைச் சீட்டுக்காரரோடு தோளுரசி உட்கார நேர்ந்ததற்கு மனம் புழுங்கியதால் 1970களின் இறுதியில் பிசினஸ் வகுப்பு பிறந்தது. 1990களின் நடுவில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் முதல் வகுப்பு ஆசனத்தைப் படுக்கையாகவே விரித்தது. 2000இல் பிசினஸ் வகுப்புக்கும் அதைத் தந்தபோது, இடத்தை மிச்சப்படுத்த ஆசனங்களில் பாதியைப் பின்னோக்கித் திருப்பிவிட்டது. விபத்தில் முதுகு தாங்கும் என்று பிரிட்டிஷ் விமானப்படை தன் போக்குவரத்து விமானங்களில் முன்னமே கையாண்ட முறைதான் இது. 2007 அக்டோபர் 25ஆம் தேதி சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ380 முதன்முதலாகச் சிட்னிக்குப் பறந்தபோது, ஆசனங்களையெல்லாம் தருமகாரியத்துக்காக ஏலம்விட்டார்கள். அதிக விலைக்குக் கேட்டவர் கொடுத்தது 1,00,380 டாலர்.

எகானமியில் உள்ளவர்களுக்கு அதே காலத்தில் நேர்ந்தது சுருக்கம். 1995இல் வந்த போயிங் 777இல் வரிசைக்கு ஒன்பது ஆசனங்கள் என்பது பரவலான வழக்கமாயிருக்க, இன்று பல கம்பெனிகள் பத்தை அடைக்கின்றன. எட்டு ஆசன வசதியோடு காட்டப்பட்ட 787இல் ஏறக்குறைய எல்லோரும் ஒன்பது வைத்துவிட்டார்கள். எனவே நல்லிடம் என்பது இப்போது யந்திரத்திலிருந்தும் புகையிலிருந்தும் விலகுவதோடு நில்லாமல், சக மனிதனின் தோளிலிருந்து விலகுவதாகவும் ஆகிவிட்டது. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் குழந்தைத் தொட்டிலை மாட்டுவதும் அந்தச் சுவரில்தான். உறக்கம் குழந்தையின் தயவு. இறக்கையின் மேல் ஆட்டம் குறைவு, ஆனால் கீழே பார்த்தால் தகடுதான் தெரியும். ஏர்பஸ் 330இல் ஜன்னலோரம் இரண்டிரண்டாகவே ஆசனங்கள் அமைந்திருப்பதால், தம்பதிகளுக்கு அதைவிட நல்ல வாகனம் அரிது. பெரிய விமானங்களின் கடைசி வரிசைகளில், உடற்கூடு குறுகும் இடத்தில் ஓர் ஆசனம் குறைந்துவிடும். பேருந்தின் கடைசி இருக்கை போல ஆட்டி எடுத்தாலும், பக்கத்தில் கொஞ்சம் காற்று வெளி கிடைக்கிறதே என்று அங்கே போய் அமர்வோர் உண்டு.

2018 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நியூவார்க்குக்கு, எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 18 மணி நேரம் பறக்கும் சேவையைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தொடங்கியபோது, அந்த ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 ஆசனங்களை மட்டுமே பொருத்தி, எகானமி வகுப்பையே நீக்கிவிட்டது. பிசினஸ் வகுப்புக்கு 67, மிகுதி 94 ‘பிரீமியம் எகானமி’. உடற்கூடு குறுகும் கடைசி மூன்று வரிசைகளில், இருபுறமும் ஜன்னலோரமாக, பக்கத்தில் ஒருவரும் இல்லாத ஒற்றை ஆசனங்கள் ஆறு அமைந்தன. ஜன்னலுக்கும் ஆசனத்துக்கும் நடுவே சாமான் வைக்க ஒரு சிறு பெட்டியும் உண்டு. இரைச்சலுக்கு அஞ்சி ஜெட் யுகத்துப் பிரயாணிகள் கைவிட்டுப்போன அந்த வால்பக்கத்து ஆசனங்களுக்கு, வேண்டுவோர் தனிக்கட்டணம் செலுத்த வேண்டும் என்று கம்பெனி அறிவித்தது.